ஆறு கையெழுத்து

ஜெர்மனியில் பிசியோதெரபிக்கு மருத்துவர் எழுதித் தரும் தாளுக்கு ஒரு பின்பக்கம் உண்டு. முன்பக்கத்தில் நோயின் பெயர், குறியீடு, சிகிச்சையின் வகை, எத்தனை முறை என்பவை இருக்கும். பின்பக்கத்தில் இருப்பவை வெறும் வரிசைகள்: தேதி, செய்த சிகிச்சை, நோயாளியின் கையெழுத்து. ஒவ்வொரு முறை சிகிச்சை முடிந்ததும் ஒரு கையெழுத்து போட வேண்டும். அது இருந்தால்தான் சிகிச்சை நிலையத்துக்குக் காப்பீட்டுப் பணம் போகும்.

ரூர் பகுதியில் இருக்கும் ஒரு சிறிய நிலையத்தில் அந்தத் தாளை முதன்முதலாகத் திருப்பிப் பார்த்தேன். என் தாள் அல்ல. எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, உணவகச் சமையலறைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று வேலை செய்த ஒரு பெரியவருடையது. அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மொழிபெயர்க்க என்னை அழைத்துக்கொண்டு போயிருந்தார். கையில் பெரிய துண்டு ஒன்று மடித்து வைத்திருந்தார். இங்கே பிசியோ கட்டிலில் விரிக்க நோயாளியே துண்டு கொண்டுபோவது வழக்கம். இருபது நிமிடம் முடிந்ததும் வரவேற்பு மேசையில் குனிந்து, இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி, தமிழில் தன் பெயரை எழுதினார். அதன் கீழே இன்னும் ஐந்து வரிசை காலியாக இருந்தது.

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் காப்பீடு எடுக்கும்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பிசியோதெரபி இதில் வருமா?" வரும், வராது என்று ஒற்றைச் சொல்லில் பதிலும் கிடைத்துவிடும். என் அனுபவத்திலும் படித்ததிலும் அந்தப் பதில் பாதிதான் பயன்படுகிறது. எந்தத் தேதிக்குள், யார் எழுதி, எந்தக் குறியீட்டின் கீழ், எந்தக் காப்பீட்டின் வழியாக என்ற மற்ற பாதியில்தான் உடம்பு தேறுவதும் தேறாததும் இருக்கிறது. ஜெர்மனியை எடுத்துக்கொண்டு அந்தப் பாதியைப் பார்க்க விரும்புகிறேன். இங்கே சட்டம் தாராளமானது. அந்தத் தாராளம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் கைக்கு முழுதாக வந்து சேராதது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பிஸ்மார்க் காலத்தில், 1883-இல், தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன் வாரிசுதான் இன்றைய பொதுக் காப்பீடு. நாட்டில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இதற்குள் இருக்கிறார்கள். காப்பீட்டை நடத்தும் அமைப்புகளுக்குக் கிராங்கன்காஸே என்று பெயர். இங்கே உள்ள தமிழர் பேச்சில் வெறும் 'காஸா'. சம்பளத்தில் 14.6 விழுக்காடும், அதற்கு மேல் ஒவ்வொரு காஸாவும் விதிக்கும் கூடுதல் விழுக்காடும் சந்தா. தொழிலாளியும் முதலாளியும் பாதிப் பாதி கட்டுகிறார்கள். வயது, பழைய நோய், பிள்ளைகளின் எண்ணிக்கை எதைப் பார்த்தும் சந்தா ஏறுவதில்லை. வருமானமில்லாத கணவன் அல்லது மனைவியும் பிள்ளைகளும் அதே சந்தாவுக்குள் வந்துவிடுகிறார்கள்.

இந்தக் காப்பீட்டில் பிசியோதெரபி சலுகையாகச் சேர்ந்ததல்ல, சட்டப்படியான உரிமை. சமூகச் சட்டத் தொகுப்பின் ஐந்தாம் நூலில் 32-ஆம் பிரிவு அதைத் தருகிறது. அதே நூலின் 12-ஆம் பிரிவு அதற்கு எல்லை கட்டுகிறது: சிகிச்சை போதுமானதாகவும், நோக்கத்துக்குப் பொருந்துவதாகவும், சிக்கனமாகவும் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. 'போதுமானது' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக் காப்பீட்டுக்கு வரும்போது அதற்கு எதிரில் வேறொரு சொல் வரும்.

எது போதுமானது என்பதை மருத்துவர், மருத்துவமனை, காஸா ஆகிய மூன்று தரப்பின் பிரதிநிதிகளும் அமர்ந்திருக்கும் கூட்டாட்சிக் கூட்டுக் குழு விதிமுறையாக எழுதுகிறது. இப்போதைய விதிமுறை 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதுகெலும்பு நோய்க்கு ஒரு குறி, கைகால் மூட்டுகளுக்கு ஒரு குறி, மூளை நரம்பு நோய்களுக்கு ஒரு குறி என்று நோய்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதுகுக்கும் மூட்டுக்கும் ஒரு தாளில் அதிகபட்சம் ஆறு முறை எழுதலாம். ஒரு நோய்க்கு மொத்தத்தில் 18 முறை என்பது வழிகாட்டும் அளவு. அந்த 18 இரும்பு வரம்பல்ல. தேவை தொடர்ந்தால், காரணத்தைத் தன் பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டு மருத்துவர் மேலும் எழுதலாம். "பதினெட்டு முடிந்துவிட்டது, இனிக் கிடையாது" என்று கேட்டுத் திரும்பி வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர். அது விதி அல்ல.

தேதிகள் மட்டும் இரக்கம் பார்ப்பதில்லை. தாள் எழுதிய நாளிலிருந்து 28 நாளுக்குள் முதல் சிகிச்சை தொடங்க வேண்டும். அவசரம் என்று மருத்துவர் குறியிட்டிருந்தால் 14 நாள். தொடங்கிய பிறகு காரணமில்லாமல் 14 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் மிச்சமிருக்கும் முறைகள் போய்விடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தோள் இறுகிப்போய், சட்டைக்குள் கை நுழைக்கவே முகம் சுளித்த நாட்களில் எனக்கு முதல் தாள் கிடைத்தது. பத்திரமாக மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, வேலை ஓய்ந்ததும் ஒவ்வொரு நிலையமாகத் தொலைபேசியில் அழைத்தேன். ஜெர்மனியில் பிசியோதெரபிஸ்ட் பற்றாக்குறை பல காலமாக இருக்கிறது. ஏழாவது நிலையம்தான் இடம் தந்தது, அதுவும் நான்கு வாரம் கழித்து. துண்டோடு போய் நின்றேன். வரவேற்பில் இருந்த பெண் தாளின் தேதியைப் பார்த்தார், விரலால் எண்ணினார், தலையை ஆட்டினார். முப்பத்து மூன்றாம் நாள். தாள் செல்லாது. அன்று மாலை எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு யார் கேட்டாலும் சொல்கிறேன்: முதலில் நிலையத்தில் நாள் வாங்குங்கள், அந்த நாளை மனத்தில் வைத்து மருத்துவரிடம் தாள் வாங்குங்கள். ஊருக்குப் போகிற வேலை இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விடுமுறையால் வந்த இடைவெளி என்பதற்குத் தாளில் போட ஓர் எழுத்தே இருக்கிறது. அதைப் போட்டால் மூன்று வாரம் திருவிழாவுக்குப் போய் வந்தாலும் மிச்சம் தங்கும்.

பணத்தைப் பொறுத்தவரை சுமை குறைவு. 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு தாளுக்கு 10 யூரோவும், சிகிச்சைச் செலவில் பத்தில் ஒரு பங்கும் கட்ட வேண்டும். ஒரு முறைக்கு 28 யூரோ என்று வைத்துக்கொண்டால் ஆறு முறைக்கு 168. நோயாளியின் பங்கு 26 யூரோ 80 சென்ட். மருந்து, மருத்துவமனை என்று ஓர் ஆண்டில் கட்டும் இத்தகைய பங்குகள் எல்லாம் சேர்ந்து குடும்பத்தின் மொத்த வருமானத்தில் 2 விழுக்காட்டைத் தாண்டினால், தாண்டியதைக் காஸா திருப்பித் தர வேண்டும். கடுமையான நாள்பட்ட நோய் என்று மருத்துவர் சான்று தந்தால் வரம்பு 1 விழுக்காடு. மனைவி, பிள்ளைகளுக்கான கழிவுகளைக் கணக்கில் எடுக்காமலே, ஆண்டுக்கு 30,000 யூரோ வருமானமுள்ள வீட்டில் இந்த வரம்பு 600 அல்லது 300 யூரோதான். ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு உறையில் சேர்த்து வைக்கிற வீடுகளுக்கு மட்டுமே இந்தப் பணம் திரும்பி வருகிறது. விண்ணப்பித்தால்தான் தருவார்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் மறுவாழ்வுச் சிகிச்சையை அடிப்படைப் பலன்களில் ஒன்றாக்கியிருந்தாலும், காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி வாங்குவது அங்கே பெரும் போராட்டம். அங்கிருந்து கேள்விப்பட்டவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு நம்மவர்கள் இங்கும் காஸாவை எதிரியாகப் பார்க்கிறார்கள். 2021 விதிமுறைக்குப் பிறகு பிசியோ தாளுக்குக் காஸாவின் முன் அனுமதி தேவையில்லை. உண்மையில் வாசலில் நிற்பவர் மருத்துவர். அவர் எழுதாமல் காப்பீட்டுச் செலவில் யாரும் பிசியோவுக்குப் போக முடியாது. அவர் எழுதும் தாள்களும் சிக்கனத் தணிக்கைக்கு உட்பட்டவை. தன் துறையின் சராசரியைவிட மிக அதிகமாக எழுதியிருந்தால் விளக்கம் கேட்கப்படலாம், பணம் திரும்பக் கேட்கப்படவும் கூடும். அந்த அச்சம் அவருடைய பேனாவில் இருக்கிறது. "முதலில் மாத்திரை எடுங்கள், கொஞ்சம் நடங்கள்" என்று அவர் சொல்வதை நம்மவர்கள் தங்களை அலட்சியப்படுத்துவதாக எடுத்துக்கொள்கிறார்கள். சில வேளை அது மருத்துவக் கருத்து, சில வேளை தணிக்கைக் கவலை.

இந்தக் கவலையைத் தணிக்கவும் விதியில் வழி உண்டு. பக்கவாதம் வந்த பின்னான முதல் ஆண்டு, இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பின்னான ஆறு மாதம் போன்றவை தனிப் பட்டியலில் இருக்கின்றன. அந்தக் குறியீட்டோடு எழுதப்படும் தாள்கள் மருத்துவரின் தலையில் ஏறுவதில்லை. ஆகவே நோயின் குறியீடு துல்லியமாக இருப்பது வெறும் எழுத்தர் வேலை என்று நினைக்கக் கூடாது. "முதுகுவலி" என்று பொதுவாக எழுதப்படுவதற்கும், எந்த இடத்தில் எந்த நரம்பு அழுந்துகிறது என்று எழுதப்படுவதற்கும் இடையில் எத்தனையோ சிகிச்சைகள் இருக்கின்றன. தோள் நோய்களுக்கு 2024 நவம்பர் 1 முதல் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது: மருத்துவர் நோயை மட்டும் எழுதினால் போதும், என்ன சிகிச்சை, எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதை பிசியோதெரபிஸ்டே 16 வாரத்துக்குள் தீர்மானிக்கலாம். என் தோள் அப்போது இறுகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குறியீடு துல்லியமாக வர நோயாளி தன் வலியைச் சொல்ல வேண்டுமே. அன்று அண்ணையோடு அறைக்குள் நின்றபோது அந்த இளம் பிசியோதெரபிஸ்ட் பொறுமையாகக் கேட்டார்: வலி ஷ்டெஹெண்டா, ட்ஸீஹெண்டா, ப்ரென்னெண்டா? குத்துகிறதா, இழுக்கிறதா, எரிகிறதா? நான் திரும்பி அண்ணையிடம், "எப்படி வலிக்குது?" என்றேன்.

"உளையுது தம்பி."

"வலிக்குதுன்னு சொல்லட்டுமா?"

"இல்லை, நோகேல்லை. உளையுது. ராவில காலை எங்க வைக்கிறதெண்டே தெரியாமல் கிடக்கும். குத்தேக்கை அது வேற."

சென்னையில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல் கிட்டத்தட்டப் புரிந்தது. ஜெர்மனில் அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. 'டும்ப்ஃப்' என்றேன், மழுங்கிய வலி. பிறகு, இரவில் காலை எங்கே வைத்தாலும் அமைதியில்லாத ஒரு கனம் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் சட்டென்று நிமிர்ந்து, எப்போதிலிருந்து, எந்தக் கால், இருமினால் அதிகமாகிறதா என்று அடுக்கடுக்காகக் கேட்கத் தொடங்கினார். அதுவரை மூன்று தாளில் 'இடுப்பு வலி' என்றே இருந்த நோய் அன்றுதான் காலுக்கு இறங்கும் நரம்பு வலியாகப் பெயர் மாறுவதற்கு வழி பிறந்தது. மருத்துவருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார்.

குத்துது, கடுக்குது, விண்விண்ணென்று தெறிக்குது, சுருக்கென்று இழுக்குது, மரத்துப்போகுது, விறைச்சுப்போச்சு, உளையுது. வலியைப் பிரித்துச் சொல்ல நம் மொழியில் இருக்கும் சொற்களை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. மருத்துவருக்குத் தேவைப்படும் பகுப்பு அத்தனையும் அவற்றுக்குள் இருக்கிறது. ஜெர்மன் பொதுக் காப்பீடு சைகை மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் தருகிறது. மற்ற மொழிகளுக்குத் தருவதில்லை. ஆகவே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பை விட்டுவிட்டு அப்பாவின் இடுப்புக்கு மொழிபெயர்க்கிறார்கள். அம்மாவின் உடம்பைப் பற்றி மகனிடம் சொல்லக் கூசும் செய்திகள் சொல்லப்படாமலே போகின்றன. மொழிபெயர்ப்பைக் காப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று இங்கே நீண்ட நாளாகப் பேசப்படுகிறது. மூன்று தாள், பதினெட்டு முறை தவறான பெயரில் போவதைவிட ஒரு மணி நேர மொழிபெயர்ப்பு மலிவு என்பதே என் கருத்து. சிக்கனத்தைப் பேசும் அந்த 12-ஆம் பிரிவின் கணக்கிலும் அப்படித்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் பொதுக் காப்பீட்டுக்குள் இருப்பவர்களுக்கு. ஜெர்மனிக்குள் எந்த வாசல் வழியாக வந்தோம் என்பதைப் பொறுத்துக் கதை மாறும். ஆண்டுச் சம்பளம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியவர்கள் (2025-இல் அது 73,800 யூரோ) தனியார் காப்பீட்டுக்கு மாறலாம். கணினித் துறைக்கு வரும் நம் பிள்ளைகளை அந்த முகவர்கள் தேடி வருவார்கள். இளம் வயதில் சந்தா குறைவாகத்தான் இருக்கும். அங்கே உரிமையை வரையறுப்பது சட்டம் அல்ல, நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம். பிசியோவுக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்பது அதன் உள்பக்கங்களில் இருக்கும். நிலையம் அதற்கு மேல் கட்டணம் கேட்டால் மிச்சம் உங்கள் பொறுப்பு. சிகிச்சை தொடங்கும் முன்பே கட்டணத்தை எழுத்தில் வாங்கிக் காப்பீட்டுக்கு அனுப்பிப் பதில் பெறுவது நல்லது. 55 வயதுக்குப் பிறகு பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவது ஏறக்குறைய முடியாத காரியம். மூட்டுகள் பேசத் தொடங்கும் வயது அதுதான்.

மாணவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. 30 வயதுக்குள் இருக்கும் மாணவருக்குப் பொதுக் காப்பீடு மலிவான சந்தாவில் கட்டாயம். அதிலிருந்து விலக்கு வாங்கித் தனியார் காப்பீடு எடுக்க முதல் மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். வாங்கிய விலக்கைப் படிப்பு முடியும் வரை திரும்பப் பெற முடியாது. மாதம் சில பத்து யூரோ மிச்சம் என்று பத்தொன்பது வயதில் போட்ட ஒரு கையெழுத்து, மிதிவண்டியிலிருந்து விழுந்து முழங்கால் தசைநார் அறுந்த நாளில்தான் கண்முன் வந்து நிற்கும். மொழிப் படிப்புக்கு வருகிறவர்கள் வாங்கும் பயண வகைக் காப்பீடுகள் பலவற்றில் பழைய நோய்க்கு இடமில்லை. பிசியோவுக்கு இடம் இருந்தாலும் விபத்துக்குப் பின் மட்டும், சில முறை மட்டும்.

பெற்றோர் நிலைமை இதைவிடச் சங்கடமானது. மூன்று மாத விசாவில் வருகிறவர்கள் ஷெங்கன் விதிப்படி குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீட்டோடு வருகிறார்கள். அது திடீர் நோய்க்கும் அவசர சிகிச்சைக்கும் ஊருக்குத் திருப்பி அனுப்புவதற்கும் உரியது. அம்மாவின் பத்தாண்டு முழங்கால் வலிக்கு அதில் எதுவும் இல்லை. 2024 மார்ச் முதல், புதிதாகத் தகுதிப் பணியாளராக வருகிறவர்கள் பெற்றோரையும் நிரந்தரமாக அழைத்துவர வழி திறந்திருக்கிறது. ஆனால் அவர்களுக்கு முழுமையான மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். குடும்பச் சந்தாவுக்குள் பெற்றோர் வருவதில்லை. எழுபது வயதுக்காரரைத் தனியார் நிறுவனம் எளிதில் சேர்ப்பதுமில்லை. சட்டத்தின் ஒரு பிரிவு வாசலைத் திறக்க, இன்னொன்று அதை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் புகலிடம் கேட்டு வந்தவர்கள். 1993-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு முதன்மையாகத் திடீர் நோய்க்கும் வலிக்குமே சிகிச்சை தருகிறது. மற்றவை அதிகாரியின் முடிவு. இந்தக் குறைந்த நிலை 18 மாதம் என்றிருந்தது, 2024 பிப்ரவரியில் 36 மாதம் ஆக்கப்பட்டது. குண்டுக் காயத்தோடும், சிறையில் அடிபட்ட முதுகோடும் வருகிற ஒருவருக்கு மூன்று ஆண்டு என்பது என்ன? மூட்டு இறுகிப்போக அதில் பாதிகூட வேண்டாம். பிசியோதெரபி காலம் தவறினால் பலன் குறையும் சிகிச்சை என்பதை அறிந்தவர்கள் இந்த மாதக் கணக்கை எப்படி எழுதினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அண்ணையின் இடுப்புக்குத் திரும்புகிறேன். மூன்றாவது முறை போனபோது, துண்டை மடித்துக்கொண்டே, தற்செயலாகச் சொன்னார்: சில ஆண்டுகளுக்கு முன் சமையலறைத் தரையில் எண்ணெய் சிந்திக் கிடந்ததில் வழுக்கி, அடுப்புக் கட்டில் இடுப்பு அடிபட விழுந்தாராம். மறுநாளும் வேலைக்குப் போனார். வாரக் கடைசியில் குடும்ப மருத்துவரிடம் "விழுந்திட்டன்" என்று மட்டும் சொன்னார். எங்கே என்று அவர் கேட்டாரா, இவருக்குக் கேள்வி விளங்கவில்லையா, தெரியாது.

அந்த ஒரு சொல்லில் அவர் இழந்தது பெரிது. வேலையிடத்தில், அல்லது வேலைக்குப் போகும் வரும் வழியில் நடந்த விபத்துக்கு நோய்க் காப்பீடு பொறுப்பல்ல. அதற்கென்று 1884-இலிருந்து தனியே ஒரு விபத்துக் காப்பீடு இருக்கிறது. சந்தா முழுவதையும் முதலாளிகளே கட்டுகிறார்கள். தொழில்வாரியாக பெரூஃப்ஸ்கெனோசன்ஷாஃப்ட் என்ற அமைப்புகள் அதை நடத்துகின்றன. அங்கே சட்டத்தின் சொல் 'போதுமானது' அல்ல. 'பொருத்தமான எல்லா வழிகளாலும்' உடம்பையும் உழைக்கும் திறனையும் மீட்க வேண்டும் என்கிறது. பிசியோவுக்கு நோயாளி தன் பங்காக எதுவும் கட்ட வேண்டாம். பாதிப்பு நிலைத்துவிட்டால் ஓய்வூதியம்கூட உண்டு. மாதம் சில நூறு யூரோவுக்குப் பகுதி நேர வேலை செய்கிறவரும் முதல் நாளிலிருந்து இதற்குள் அடக்கம். செய்ய வேண்டியது, இதற்கென நியமிக்கப்பட்ட விபத்து மருத்துவரிடம் போவது. இங்கே அவரை டே-ஆர்ட்ஸ்ட் என்பார்கள். போய், எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி என்று சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாவிட்டால் முதலாளியும் அறிவித்தே ஆக வேண்டும். இதனால் முதலாளி கோபிப்பார் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் சந்தா கட்டியிருப்பதே இதற்காகத்தான்.

விழாமலே தேய்ந்த முதுகுக்கும் ஒரு பாதை இருக்கிறது, குறுகியது. பல்லாண்டு கனம் தூக்கியதால் கீழ் முதுகின் வட்டுகள் கெடுவது தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அந்த வேலையை விட்டால்தான் அங்கீகாரம் என்று இருந்த நிபந்தனையை 2021-இல் நீக்கினார்கள். எத்தனை கிலோ, எத்தனை ஆண்டு என்று காட்டுவது கடினம். அரிசி மூட்டையையும் குழம்புச் சட்டியையும் முப்பது ஆண்டு தூக்கியவர் எதையும் எழுதி வைத்திருப்பதில்லை.

நம்மவர்கள் இவற்றைக் கேட்காமல் விடுவதற்கு ஊர்ப் பழக்கமும் ஒரு காரணம். இந்தியாவில் மருத்துவக் காப்பீடு என்றால் மருத்துவமனையில் படுத்தால் கிடைப்பது என்றே வளர்ந்தோம். பிசியோ என்பது அறுவைக்குப் பின் சில வாரம், அல்லது கைக்காசு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்தப் பழக்கத்தை ஓரளவு உடைத்திருக்கிறது. படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் போகிறார். ஜெர்மனியில் இருப்பவர்களோ "விடுமுறைக்குப் போகும்போது ஊரில் காட்டிக்கொள்ளலாம்" என்று வலியைப் பத்து மாதம் தள்ளிப்போடுகிறார்கள். அப்படிக் காட்டிக்கொண்ட செலவைப் பொதுக் காப்பீடு தராது. இந்தியாவில் இருக்கும் நாட்களில் அதன் பொறுப்பு உறங்குகிறது. கோயம்புத்தூரில் கட்டிய எண்ணெய்ச் சிகிச்சைக்கும் பிசியோவுக்கும் ரசீதை இங்கே நீட்டிப் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் என்றால் உள்ளூர்த் தொகை அளவுக்குத் திருப்பி வாங்கலாம்.

ஆறும் பதினெட்டும் முடிந்த பிறகு என்ன என்பதற்கு ரெஹாஷ்போர்ட் என்ற பதில் இருக்கிறது. அதிகம் பேசப்படாத நல்ல ஏற்பாடு. பயிற்சி பெற்றவர் நடத்தும் குழு உடற்பயிற்சி. பொதுவாக 18 மாதத்துக்குள் 50 முறை. இதற்கும் மருத்துவரின் தாள் வேண்டும், ஆனால் இது அவருடைய பிசியோக் கணக்கில் சேராது, ஆகவே தயங்காமல் எழுதுவார். நோயாளி தன் பங்கு கட்ட வேண்டியதில்லை. இதற்குக் காஸாவின் ஒப்புதல் தேவைப்படலாம். மறுத்தால் கடிதம் வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம், கட்டணமில்லை. இரண்டு வரி போதும்: இந்த முடிவை ஏற்கவில்லை, காரணம் பின்னர் அனுப்புகிறேன். பிறகு மருத்துவரிடம் காரணத்தை வாங்கி அனுப்பலாம். அதற்கும் மேல் சமூக நீதிமன்றம் இருக்கிறது, காப்பீடு பெற்றவருக்கு அங்கும் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. 'அரசாங்கக் கடிதம்' என்று பயந்து பிரிக்காமல் வைத்த உறைகளில் அந்த ஒரு மாதம் ஓடிப்போகிறது. பிரித்துவிடுங்கள். மொழி தெரிந்த யாரிடமாவது அன்றே காட்டுங்கள்.

அண்ணையின் பழைய விபத்தை இப்போது பதிவு செய்ய முடியுமா என்று கேட்டு பெரூஃப்ஸ்கெனோசன்ஷாஃப்டுக்குக் கடிதம் எழுதினோம். அன்று கூட இருந்த இரண்டு சக சமையல்காரர்களின் பெயரை அவர் நினைவிலிருந்து சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். பதில் இன்னும் வரவில்லை. ஆறாவது முறைக்கும் நானே கூடப் போனேன். கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தாளை நீட்டியவர், சட்டைப் பையிலிருந்து சிறிய நாட்காட்டியை எடுத்தார். அதில் ஏற்கெனவே ஒரு நாளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. நிலையத்தில் அடுத்த இடம் கிடைத்திருந்த நாள். அங்கிருந்து விரலைப் பின்னோக்கி நகர்த்தி எண்ணிக்கொண்டே வந்தார்.

"இருபத்தெட்டுக்குள்ள வரவேணும் என்ன தம்பி? அப்ப டொக்டரிட்டத் திங்கக்கிழமை போவம்."